பரிணாம மரங்களை ஒன்றாக இணைப்பது எப்படி? தேரூர் குளத்துப் பறவைகளை வைத்து ஒரு தொடக்க வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரம் - தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. அந்தக் குளங்களின் பறவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, "இவற்றின் பரிணாம மரத்தை (எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைப்படத்தை) எப்படிப் போடுவது?" என்று கேட்கிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேடிப் பார்த்தால் ஒரு ஆய்வுக்கட்டுரையில் கொக்குகளின் மரம் இருக்கும். இன்னொன்றில் தாழைக்கோழிகளின் மரம் இருக்கும். மூன்றாவதில் எல்லாப் பறவை வரிசைகளுக்குமான (குடும்பங்களுக்கு மேலான பெரும் பிரிவுகளுக்கான) பெரிய மரம் இருக்கும், ஆனால் நம் குளத்துப் பறவைகளில் பாதி அதில் இராது. மூன்றையும் எப்படி ஒன்றாக்குவது என்பதுதான் கேள்வி.

அதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன, பெரும்பாலும் இலவசமாகவே. அவற்றை இயக்குவதும் கடினமில்லை. எது எந்தக் கேள்விக்கு என்று தெரியாமல் தொடங்குவதில்தான் சிக்கல். ஆகவே நிறுவுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

முதல் படி: உங்கள் மரங்கள் ஏன் பலவாக இருக்கின்றன?

மரங்கள் பலவாக இருப்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் கருவி வேறு.

ஒரே தரவிலிருந்து பல மரங்கள் வந்திருக்கலாம். பூட்ஸ்ட்ராப் செய்தால், அதாவது தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து மரம் போட்டால், நூறு, ஆயிரம் மரங்கள் வரும். பேய்ஸ் முறை (நிகழ்தகவு அடிப்படையிலான) நிரல்களும் ஆயிரக்கணக்கில் கொடுக்கும். எல்லா மரத்திலும் அதே பறவைகள், அதே பெயர்கள். இங்கே தேவைப்படுவது ஒருமித்த மரம். எல்லா மரங்களும் ஒத்துக்கொள்கிற கிளைகளை மட்டும் வைத்தால் அது கறாரான ஒருமிப்பு. பாதிக்கு மேற்பட்ட மரங்களில் வருகிற கிளைகளை வைத்தால் பெரும்பான்மை ஒருமிப்பு. ஆர் என்ற நிரல் மொழியில் ஏப் என்ற தொகுப்பு இதை ஒரே வரியில் செய்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதன் கன்சென்சஸ் கட்டளை, நாம் எதுவும் சொல்லாவிட்டால், கறாரான ஒருமிப்பையே தரும். பெரும்பான்மை வேண்டுமென்றால் 0.5 என்று நாம்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, அதே பறவைகள், வேறு வேறு மரபணுக்கள். ஒவ்வொரு மரபணுவும் ஒரு கதை சொல்லும். இதற்கு ஆஸ்ட்ரல் போன்ற கருவிகள்.

மூன்றாவது, வேறு வேறு ஆய்வுகள், வேறு வேறு பறவைகள், நடுவில் கொஞ்சம் பொதுவானவை. இதற்குத்தான் சூப்பர் ட்ரீ, அதாவது பெருமரம். நம் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் இணைக்காமலே முடிகிற வேலையும் உண்டு. குளத்துப் பறவைகளின் பரிணாமப் பன்மையை (அவற்றை இணைக்கும் கிளைகளின் மொத்த நீளத்தை) கணக்கிடுவது மட்டும்தான் நோக்கம் என்றால், நீங்களாக ஒரு பெருமரம் கட்டத் தேவையே இல்லை. ஓப்பன் ட்ரீ ஆஃப் லைஃப் என்ற திட்டம் வெளியான மரங்களையும் வகைப்பாட்டையும் இணைத்து, சுமார் 23 லட்சம் நுனிகள் (ஒவ்வொரு நுனியும் ஓர் இனம்) கொண்ட மரத்தை 2015-இல் வெளியிட்டது. ஆரில் ஆர்ஓடிஎல் என்ற தொகுப்பை நிறுவி, உங்கள் பட்டியலைக் கொடுத்தால், அந்தப் பறவைகளுக்கான பகுதி மரத்தை மட்டும் வெட்டித் தரும். பறவைகளுக்கென்றே பேர்ட்ட்ரீ என்ற தளமும் இருக்கிறது. 2012-இல் ஜெட்ஸும் மற்றவர்களும் 9,993 சிற்றினங்களுக்குக் கட்டிய மரங்களிலிருந்து நமக்கு வேண்டியதை அதில் எடுக்கலாம். ஆனால் ஒரே ஒரு மரத்தை இறக்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அங்கே கிடைப்பது ஒரு மரத்தொகுதி. சில நூறு மரங்களை இறக்கி, கணக்கை எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை.

டிஎன்ஏ வரிசைகளே கையில் இருக்கிறதா? அப்படியானால் மரங்களை இணைப்பதைவிட வரிசைகளை இணைத்து, ஐக்யூ-ட்ரீ என்ற மரம் போடும் நிரலில் கொடுத்து, நேராக மரம் போடுவதே மேல் என்பது என் கருத்து. மரம் என்பது தரவின் சுருக்கம். மூலம் இருக்கும்போது சுருக்கத்தை வைத்து வேலை செய்வானேன்? பெருமரம் தேவைப்படுவது மூலத் தரவு கிடைக்காதபோதும், ஆய்வுகளின் தரவுகள் ஒன்றோடொன்று ஒட்டாதபோதும்தான்.

இரண்டாம் படி: கோப்பைத் தயார் செய்தல்

எல்லாக் கருவிகளும் படிக்கிற வடிவம் நியூவிக். 1986-இல் அமெரிக்காவின் டோவர் ஊரில் நியூவிக்ஸ் என்ற கடலுணவு உணவகத்தில் கூடிய சில உயிரியலாளர்கள் முடிவு செய்த வடிவம் என்பதால் அந்தப் பெயர். நெருங்கிய உறவுகளை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது, நடுவில் காற்புள்ளி, கடைசியில் அரைப்புள்ளி. அவ்வளவுதான்:

(சிறகி,(தாழைக்கோழி,(நாரை,(நீர்க்காகம்,கூழைக்கடா))));

உள்ளே இருந்து வெளியே படியுங்கள். நீர்க்காகமும் கூழைக்கடாவும் மிக நெருக்கம். அவற்றோடு நாரை. அப்புறம் தாழைக்கோழி. எல்லாவற்றுக்கும் வெளியே சிறகி, அதாவது வாத்து இனம்.

இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் போடும்போது அறிவியல் பெயரை ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் நடுவில் இடைவெளி விடாமல் அடிக்கோடு இடுங்கள். பெயருக்குள் அடைப்புக்குறி, காற்புள்ளி, முக்காற்புள்ளி, மேற்கோள் குறி எதுவும் வரக்கூடாது. வந்தால் நிரல் அதை மரத்தின் அமைப்பு என்று எடுத்துக்கொள்ளும். வேர்டில் தட்டச்சு செய்யாதீர்கள், அது மேற்கோள் குறிகளை வளைத்து வைத்துவிடும். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர் போதும். ஒரு வரிக்கு ஒரு மரம்.

மூன்றாம் படி: பெயர்களைச் சரிசெய்தல்

உங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும், போகவும் வேண்டும். நிரலுக்குப் பறவை தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பறவை என்று எடுத்துக்கொள்ளும்.

தேரூரில் தாமரை இலை மேல் நடந்து திரிகிற நீலத் தாழைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டுரைகளில் அது போர்ஃபிரியோ போர்ஃபிரியோ. பிறகு அந்தச் சிற்றினத்தைப் பலவாகப் பிரித்தார்கள். நம்மூர்ப் பறவை இப்போது போர்ஃபிரியோ போலியோசெஃபாலஸ். சிறிய நீர்க்காகம் முன்பு ஃபாலக்ரோகோராக்ஸ் நைஜர், இப்போது மைக்ரோகார்போ நைஜர். பெரிய கொக்கு ஒரு கட்டுரையில் எக்ரெட்டா, இன்னொன்றில் காஸ்மரோடியஸ், இப்போது ஆர்டியா. இதைச் சரி செய்யாமல் மரங்களை இணைத்தால் ஒரே நீர்க்காகம் இரண்டு நுனிகளில் உட்கார்ந்திருக்கும். அதைவிட மோசம், இரண்டு மரங்களையும் இணைக்க உதவியிருக்க வேண்டிய பொதுப் பெயர் ஒன்று காணாமல் போயிருக்கும்.

இதற்கு ஒரு எக்செல் அட்டவணை போடுங்கள். முதல் பத்தியில் மூலக் கட்டுரையில் இருந்த பெயர், அடுத்ததில் நீங்கள் ஏற்றுக்கொண்ட பெயர், மூன்றாவதில் எந்தப் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்பது. ஆர்ஓடிஎல் தொகுப்பில் பெயர் பொருத்தும் கட்டளை ஒன்று உண்டு. பழைய பெயரைக் கொடுத்தால் ஏற்கப்பட்ட பெயரைச் சொல்லும். அது சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். போர்ஃபிரியோ போர்ஃபிரியோ என்ற பெயர் இன்றும் செல்லுபடியாகும் பெயர்தான், ஆனால் இன்று அது குறிப்பது மேற்கு மத்தியதரைக் கடல் பக்கத்துப் பறவையை. மூலக் கட்டுரைக்காரர் எங்கே சேகரித்த மாதிரியைப் பயன்படுத்தினார் என்று பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். எந்த நிரலும் அந்த வேலையைச் செய்து தராது.

பெயர்கள் சரியானதும், எந்த இரண்டு மரங்களுக்கு எத்தனை பெயர் பொது என்று எண்ணுங்கள். கல்யாண வீட்டில் பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் உறவுமுறை சொல்லி அறிமுகப்படுத்த, இரண்டு பக்கமும் தெரிந்த சிலர் வேண்டுமல்லவா? அதுபோலத்தான் இதுவும். வேருள்ள மரங்களில் (எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதையின் இடம் குறித்தவை) மூன்று பெயராவது பொதுவாக இருந்தால்தான் ஒப்பிட ஒரு தகவல் பிறக்கும். வேரில்லாத மரங்களில் நான்கு. ஒரே ஒரு பொதுப் பறவையை வைத்து இரண்டு மரங்களை ஒட்ட முயன்றால், நிரல் ஏதோ ஒரு மரத்தைக் கொடுக்கத்தான் செய்யும், ஆனால் அதன் வடிவத்துக்கு ஆதாரம் இருக்காது.

நான்காம் படி: ஒருமுறை கையால் செய்து பாருங்கள்

பெருமரம் கட்டும் முறைகளில் அதிகம் பயன்படுவது எம்ஆர்பி. 1992-இல் பாம் என்பவரும் ராகன் என்பவரும் தனித்தனியாக முன்வைத்த முறை. மரங்களை 0, 1 கொண்ட அட்டவணையாக மாற்றி, அந்த அட்டவணைக்கு மிகச் சிக்கனமான மரத்தை, அதாவது 0, 1 மாற்றங்கள் மிகக் குறைவாகத் தேவைப்படும் மரத்தை, தேடுவதுதான் அதன் சாரம். பாலூட்டிகளின் 4,510 சிற்றினங்களுக்கு 2007-இல் நேச்சர் இதழில் வந்த பெருமரமும் இந்த வழியில் வந்ததுதான். நிரலில் போடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் பின்னால் வரும் எல்லாக் குழப்பங்களும் அதில் தெளியும்.

பயிற்சிக்கு மூன்று மரங்கள்:

மரம் 1: (சிறகி,(தாழைக்கோழி,(நாரை,(நீர்க்காகம்,கூழைக்கடா))));
மரம் 2: (சிறகி,(நாரை,(நீர்க்காகம்,(கொக்கு,கூழைக்கடா))));
மரம் 3: (சிறகி,((முக்குளிப்பான்,பூநாரை),(தாழைக்கோழி,கூழைக்கடா)));

ஒவ்வொரு மரத்திலும் உள்ள ஒவ்வொரு கிளைக்கூட்டத்துக்கும் ஒரு பத்தி. கூட்டத்துக்குள் இருக்கிற பறவைக்கு 1. மரத்தில் இருக்கிறது, ஆனால் கூட்டத்துக்கு வெளியே என்றால் 0. அந்த மரத்திலேயே இல்லை என்றால் கேள்விக்குறி. மரத்துக்கு மூன்று கூட்டங்கள், ஆக ஒன்பது பத்திகள்:

சிறகி: 000 000 000
தாழைக்கோழி: 100 ??? 101
நாரை: 110 100 ???
நீர்க்காகம்: 111 110 ???
கூழைக்கடா: 111 111 101
கொக்கு: ??? 111 ???
முக்குளிப்பான்: ??? ??? 110
பூநாரை: ??? ??? 110

முக்குளிப்பானின் வரிசையைப் பாருங்கள், பெரும்பாலும் கேள்விக்குறி. கூழைக்கடாவின் வரிசையில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. சிறகியை விட்டால், மூன்று மரங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது கூழைக்கடாதான். அதை எடுத்துவிட்டால் மரம் 3 மற்ற இரண்டோடு ஒட்டுவதற்கு வழியே இல்லை.

இந்த அட்டவணையில் முரண்பாடு ஏதும் இல்லை. ஒன்பது பத்திகளில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு மாற்றத்தோடு பொருந்துகிற மரம் ஒன்றுதான்:

(சிறகி,((முக்குளிப்பான்,பூநாரை),(தாழைக்கோழி,(நாரை,(நீர்க்காகம்,(கொக்கு,கூழைக்கடா))))));

இதில் நாரையும் முக்குளிப்பானும் எப்படி உறவு என்று மூன்று மூல மரங்களில் எதுவும் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கிற மரமே கிடையாது. ஆனாலும் பெருமரம் சொல்கிறது: நாரை தாழைக்கோழியின் பக்கம், முக்குளிப்பான் அதற்கு வெளியே. மரம் 1 நாரையைத் தாழைக்கோழியைவிடக் கூழைக்கடாவுக்கு நெருக்கம் என்கிறது. மரம் 3 தாழைக்கோழியையும் கூழைக்கடாவையும் முக்குளிப்பானிலிருந்து பிரிக்கிறது. இரண்டையும் ஏற்றால் இந்த முடிவைத் தவிர்க்க முடியாது. பெருமரத்தின் பலம் இதுதான். ஆபத்தும் இதுதான், ஏனென்றால் மரம் 3-இல் ஒரு பிழை இருந்தால் அது யாரும் ஆராயாத நாரையின் இடத்தையும் மாற்றிவிடும்.

ஐந்தாம் படி: நிரலில் ஓட்டுவது

எட்டுப் பறவைக்கே வேருள்ள இருகிளை மரங்கள் 1,35,135 சாத்தியம். பத்துப் பறவைக்கு 3,44,59,425. தாளில் முடியாது என்பதற்கு இந்த எண்கள் போதும்.

முதலில் ஆர் மொழியையும் ஆர்ஸ்டூடியோவையும் நிறுவுங்கள். பிறகு ஏப், ஃபாங்கார்ன் என்ற இரண்டு தொகுப்புகள். ஏப்பின் ரீட்.ட்ரீ கட்டளையால் கோப்பைத் திறந்து, உடனே மரங்களை வரைந்து பாருங்கள். எத்தனை மரம் உள்ளே வந்தது, ஒவ்வொன்றிலும் எத்தனை நுனி என்று சரிபார்த்த பிறகே மேலே போக வேண்டும். அடுத்து ஃபாங்கார்னின் சூப்பர்ட்ரீ கட்டளை. முறை என்ற இடத்தில் எம்ஆர்பி, வேருள்ளது என்ற இடத்தில் ட்ரூ. மேலே உள்ள மூன்று மரங்களையும் கொடுத்து, நாம் கையால் கண்ட மரமே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் கோப்பும் கட்டளையும் சரி. அதே கட்டளையில் ஆர்எஃப், எஸ்பிஆர் என்று வேறு இரண்டு முறைகளும் உண்டு. அவை மூல மரங்களிலிருந்து மொத்தத்தில் மிகக் குறைவாக விலகுகிற மரத்தைத் தேடும்.

மரங்கள் அதிகமானால் கிளான் என்ற நிரலைப் பாருங்கள். 2005-இல் க்ரீவியும் மெக்கினர்னியும் வெளியிட்டது. பெருமரத்துக்கென்றே எழுதப்பட்டது, பல அளவுகோல்களை ஒரே இடத்தில் ஒப்பிடலாம். எம்ஆர்பி அட்டவணை மிகப் பெரிதானால் டிஎன்டி அல்லது பாப் நிரலில் கொடுப்பது வழக்கம். சிக்கன மரத் தேடலில் டிஎன்டி மிக வேகமானது. எதில் ஓட்டினாலும் தேடலை வேறு வேறு தொடக்கங்களிலிருந்து பலமுறை ஓட்டுங்கள். பறவைகள் அதிகமானால் எல்லா மரங்களையும் எந்த நிரலும் பார்ப்பதில்லை. ஒரு தொடக்கத்திலிருந்து கிடைத்தது மிகச் சிறந்த மரமாக இல்லாமல் போகலாம்.

வேர் பற்றி ஒரு எச்சரிக்கை. வேரில்லாத மரத்துக்கு ஏப்பில் வேர் போடும்போது, கணுக்களில் (கிளைகள் பிரியும் இடங்களில்) எழுதியிருக்கிற பூட்ஸ்ட்ராப் எண்கள் தவறான கிளைக்கு நகர்ந்துவிட வாய்ப்பு உண்டு. அந்த எண் உண்மையில் கிளைக்கு உரியது; கோப்பில் கணுவோடு எழுதப்பட்டிருப்பதால் வரும் குழப்பம் இது. வேர் போடும் கட்டளையில் எட்ஜ்லேபல் என்பதை ட்ரூ ஆக்கினால் எண்கள் சரியான இடத்தில் நிற்கும். வேர் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு கிளையையாவது எடுத்து எண்ணை ஒப்பிட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: மரங்கள் சண்டையிட்டால்

இப்போது நான்காவது மரம் ஒன்றைச் சேருங்கள்:

மரம் 4: (சிறகி,(முக்குளிப்பான்,(நாரை,பூநாரை)));

சாமித்தோப்பு, புத்தளம் பக்கத்து உப்பளங்களுக்குப் பூநாரை வரும்போது பார்த்தவர்களுக்கு இந்த மரம் தவறாகத் தோன்றாது. நீண்ட கால், நீண்ட கழுத்து, நாரை போலவே. உடலமைப்பை மட்டும் வைத்துச் செய்த பழைய வகைப்பாடுகள் பூநாரையை நாரைகளோடு சேர்த்ததுண்டு. 2001 முதல் டிஎன்ஏ ஆய்வுகள் வேறு சொன்னன: பூநாரைக்கு மிக நெருங்கிய உறவு, குளத்தில் முங்கி முங்கி எழுகிற அந்தச் சின்ன முக்குளிப்பான். உருவத்தைப் பார்த்தால் யாரும் நம்பாத உறவு, ஆனால் அடுத்தடுத்த ஆய்வுகள் அதையே உறுதி செய்தன.

மரம் 4 இரண்டு பத்திகளைச் சேர்க்கிறது, மொத்தம் 11. ஓட்டிப் பாருங்கள். எல்லாப் பத்திகளையும் ஒரே மாற்றத்தில் பொருத்துகிற மரம் இனி கிடையாது. குறைந்தபட்சம் 12 மாற்றங்கள், அதுவும் ஒரு மரத்தில் மட்டுமல்ல. முந்தைய மரத்துக்கும் 12. பூநாரையும் முக்குளிப்பானும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிற மரத்துக்கும் 12. நாரை தன் கூட்டத்தை விட்டுப் பூநாரையோடு போய்ச் சேர்கிற மரத்துக்கும் 12. இவற்றின் கறாரான ஒருமிப்பை எடுத்தால் தாழைக்கோழி, நாரை, முக்குளிப்பான், பூநாரை எல்லாம் ஒரே கணுவிலிருந்து விரல் விரித்தது போலக் கிளம்பும். நீர்க்காகம், கொக்கு, கூழைக்கடா கூட்டம் மட்டும் குலையாமல் நிற்கும். நான்கே பறவை கொண்ட ஒரு சின்ன மரம், தான் பேசாத தாழைக்கோழியின் இடத்தைக்கூடக் கலைத்துவிட்டது.

என்ன செய்வது? இப்படி ஒரு கணு வந்தால் எந்தப் பத்திகள் முரண்படுகின்றன என்று தேடி, அவை எந்த மூலத்திலிருந்து வந்தவை என்று பாருங்கள். மூலத்தை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். உடலமைப்பு மரம் என்பதாலேயே தூக்கி எறிய வேண்டாம், புதைபடிவங்களுக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அதே கேள்விக்கு டிஎன்ஏ ஆதாரம் பல இடங்களிலிருந்து ஒரே பதிலைச் சொல்லும்போது, பழைய மரத்தைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு தடவை ஓட்டி, இரண்டையும் காட்டுவது நேர்மையான வழி.

மரங்களின் எண்ணிக்கையும் ஏமாற்றும். ஐந்து கட்டுரைகள் ஒரே மைட்டோகாண்ட்ரிய மரபணுவை, அதே வரிசைகளை எடுத்து மரம் போட்டிருக்கலாம். ஐந்தையும் சேர்த்தால் ஒரே ஆதாரத்துக்கு ஐந்து ஓட்டு விழும். எந்த மரம் எந்தத் தரவிலிருந்து வந்தது என்று அட்டவணையில் ஒரு பத்தி வைத்து, ஒரே தரவிலிருந்து வந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். அல்லது அவற்றை முதலில் ஒன்றாக்கி ஒரு மரமாகச் சேருங்கள். பெருமரம் கட்டுகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

முரண்பாட்டை மறைக்காமல் அப்படியே படமாகப் பார்க்க விரும்பினால் ஸ்ப்ளிட்ஸ்ட்ரீ என்ற நிரலில் சூப்பர்நெட்வொர்க் என்ற வசதி இருக்கிறது. ஒத்துக்கொள்ளும் இடங்களில் மரம் போலவும், முரண்படும் இடங்களில் வலைப்பெட்டிகள் போலவும் வரும். பெருமரம் கட்டுவதற்கு முன்பே இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எங்கே தகராறு என்று முதல் பார்வையிலேயே தெரியும்.

ஏழாம் படி: மரபணு மரங்கள் என்றால் ஆஸ்ட்ரல்

மேலே சொன்ன முரண்பாடு யாரோ தவறு செய்ததால் வருவது. மரபணு மரங்களுக்கு இடையே வருகிற முரண்பாடு அப்படியல்ல, எல்லா மரமும் சரியாக இருந்தே முரண்படலாம். மூதாதைக் கூட்டத்தில் ஒரு மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன என்று வையுங்கள். அந்தக் கூட்டம் பிரிந்து, ஒரு வடிவம் மறைவதற்குள் மீண்டும் பிரிந்துவிட்டால், எந்த வடிவம் எந்தக் கிளையில் தங்கும் என்பது தற்செயல். இன்றைய பறவை வரிசைகளில் பெரும்பாலானவை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி வேகமாகப் பிரிந்தவை. அதனால் அடிக்கிளைகளில் மரபணுக்கள் ஒத்துப்போகாதது இயல்பு.

அதிக மரபணுக்கள் சொல்கிற வடிவத்தையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முழு மரத்துக்கு அது பொருந்தாது. கிளைகள் மிகக் குட்டையாக இருந்தால், அடிக்கடி வருகிற மரபணு மரமே சிற்றின மரத்திலிருந்து மாறுபட்டிருக்கலாம் என்று டெக்னனும் ரோசன்பெர்க்கும் 2006-இல் காட்டினார்கள். ஆனால் நான்கு நான்கு பறவைகளாக, வேர் இல்லாமல் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. கொக்கு, கூழைக்கடா, நீர்க்காகம், நாரை நான்கையும் இரண்டிரண்டாகப் பிரிக்க மூன்று வழிகள்தான் உண்டு. முரண்பாட்டுக்குக் காரணம் மேலே சொன்ன தற்செயல் மட்டும் என்றால், உண்மையான பிரிவுதான் அதிகம் வரும், மற்ற இரண்டும் சம அளவில் வரும். மீரராபும் மற்றவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆஸ்ட்ரல் இந்த நால்வர் கூட்டங்களை எண்ணி, அவற்றோடு அதிகம் ஒத்துப்போகிற மரத்தைக் கண்டுபிடிக்கிறது.

ஓட்டுவது எளிது. ஒவ்வொரு மரபணுவுக்கும் ஐக்யூ-ட்ரீயில் மரம் போட்டு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வரிசையாக ஒட்டுங்கள். பழைய ஆஸ்ட்ரலுக்கு ஜாவா வேண்டும். ஆஸ்டர் என்ற புதிய தொகுப்பில் வருகிற ஆஸ்ட்ரலுக்கு அது தேவையில்லை. உள்ளீட்டுக் கோப்பு, வெளியீட்டுக் கோப்பு என்று இரண்டு பெயர் கொடுத்தால் போதும். சில மரபணு மரங்களில் சில பறவைகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வேர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. வெளிக்கூட்டத்தை, அதாவது சிறகி போல எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கிற பறவையை, வைத்து வேர் போடுவது நம் வேலை.

ஓட்டுவதற்கு முன், மரபணு மரங்களில் பூட்ஸ்ட்ராப் ஆதரவு 10 சதவீதம் அல்லது அதற்குக் கீழே இருக்கும் கிளைகளைச் சுருக்கிவிடுங்கள், அதாவது அவற்றை நீக்கி இரு பக்கக் கணுக்களையும் ஒன்றாக்கிவிடுங்கள். நியூவிக் யுடிலிட்டீஸ் என்ற சிறு கருவித் தொகுப்பு இதைச் செய்யும். ஆதாரமே இல்லாத கிளையும் நால்வர் எண்ணிக்கையில் ஓட்டுப் போடுவதை இது தடுக்கும். 50, 70 என்று ஏற்றிவிடாதீர்கள், பயனுள்ள தகவலும் சேர்ந்து போய்விடும்.

வெளிவரும் மரத்தில் கிளைகளின் மேல் 0 முதல் 1 வரை எண் இருக்கும். இது பூட்ஸ்ட்ராப் அல்ல, அந்தக் கிளை உண்மை என்பதற்கான நிகழ்தகவு. பழைய ஆஸ்ட்ரலில் கிளை நீளமும் வழக்கமான அலகில் இராது, தலைமுறையையும் கூட்டத்தின் அளவையும் சார்ந்த அலகில் இருக்கும். நுனிக் கிளைகளின் நீளத்துக்குப் பொருள் இல்லாமலும் போகலாம். இரண்டையும் குழப்பி எழுதிய ப்ராஜெக்ட் அறிக்கைகள் உண்டு, ஆகவே படத்தின் கீழே எந்த எண் என்ன என்று எழுதிவிடுங்கள்.

எட்டாம் படி: ஒப்பிட்டு எழுதுவது

கிடைத்த மரத்தை ஒவ்வொரு மூல மரத்தோடும் ஒப்பிடுங்கள். 1981-இல் ராபின்சனும் ஃபோல்ட்ஸும் தந்த தூர அளவு இதற்குப் பொதுவாகப் பயன்படுகிறது. ஒரு மரத்தில் இருந்து மற்றதில் இல்லாத பிரிவுகளை எண்ணுவதுதான் அது. வேரில்லாத எட்டு நுனி மரங்களுக்கு உச்சம் 10. பெருமரத்தில் கூடுதல் பறவைகள் இருக்கும் என்பதால், மூல மரத்தில் உள்ள பறவைகளை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கிய பிறகே எண்ண வேண்டும். ஏப்பில் கீப்.டிப் என்ற கட்டளை அதற்கு இருக்கிறது. இரண்டு மரங்களை எதிரெதிரே வைத்துப் பார்க்க டெண்ட்ராஸ்கோப், பிரவுசரிலேயே பார்க்க ஃபைலோ.ஐஓ. படம் அழகாக வேண்டுமென்றால் ஃபிக்ட்ரீ.

மரபணுத் தரவு இருந்தால் ஐக்யூ-ட்ரீ 2-இல் ஒத்திசைவுக் காரணியையும் கணக்கிடுங்கள். ஒவ்வொரு கிளையையும் எத்தனை சதவீத மரபணுக்கள் ஆதரிக்கின்றன என்று அது சொல்லும். பூட்ஸ்ட்ராப் 100 இருக்கிற கிளையில் அது 20 என்று வந்தால் பயப்பட வேண்டாம். தரவு போதுமான அளவு இருக்கிறது, ஆனால் மரபணுக்கள் பிரிந்து நிற்கின்றன என்று பொருள். அந்த இரண்டு எண்களையும் ஒன்றாகத் தருவதுதான் வாசகருக்கு உதவும்.

எம்ஆர்பி பெருமரத்தில் காலக் கணக்குக்கு உதவுகிற கிளை நீளம் கிடையாது. பரிணாமப் பன்மைக் கணக்குக்கு அது தேவைப்பட்டால், பெருமரத்தின் வடிவத்தை அப்படியே நிறுத்தி, கிடைக்கிற டிஎன்ஏ வரிசைகளைக் கொடுத்து, ஐக்யூ-ட்ரீயில் நீளத்தை மட்டும் கணக்கிடலாம். எல்லாக் கிளைக்கும் 1 என்று போட்டு ஓட்டுவதைத் தவிர்க்கவும். வேறு வழியில்லாமல் செய்தால் அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

அறிக்கையில் இவை கட்டாயம் வர வேண்டும்: எந்தெந்தக் கட்டுரையிலிருந்து எந்த மரம், பெயர் மாற்றிய அட்டவணை முழுவதும், எந்த மரத்தை ஏன் விலக்கினீர்கள், நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும், கொடுத்த கட்டளை, சமமான மரங்கள் எத்தனை வந்தன, அவற்றிலிருந்து காட்டிய மரத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள். மரத்தைப் படமாக மட்டும் ஒட்டாதீர்கள். நியூவிக் கோப்பையே பின்னிணைப்பாகக் கொடுங்கள். அடுத்த ஆண்டு வேம்பனூர் குளத்தையோ மணக்குடிப் பொழியையோ எடுக்கிற மாணவர் படத்தைப் பார்த்து மரத்தைத் திரும்பத் தட்டச்சு செய்துகொண்டிருக்கக் கூடாது. கோப்பு இருந்தால் தன் பறவைகளைச் சேர்த்து நேராக மூன்றாம் படியிலிருந்து தொடங்கிவிடுவார்.